மில் அக்கா படியேறும் வீடு

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் மில் அக்காவின் செருப்பு கிடந்தால், உலகத்தில் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது, அதில் அந்த வீட்டுக்கும் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். பச்சை வார் வைத்த ரப்பர் செருப்பு. எப்போதும் மாவு படிந்திருக்கும். அதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

முடிச்சூர் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முனையில் அவருடைய மாவு மில் இருந்தது. பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு மில்லுக்காரம்மா, எங்களுக்கு மில் அக்கா. மிளகாய், மல்லி, கோதுமை என்று அரைத்து அரைத்து அவர் பக்கத்தில் போனாலே தும்மல் வரும். மெஷினுக்கு எதிரே சுவரில் ஒரு டிவி. மோட்டார் ஓடும்போது ஒரு சத்தமும் கேட்காது. அதனால் கீழே ஓடுகிற எழுத்தை மட்டும் படிப்பார். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பாதி வரி ஓடிப் போன பிறகு கண்ணில் பட்டால், அது சுற்றித் திரும்பி வரும்வரை காத்திருப்பார். அதற்குள் நம் மிளகாய் கருகினால் கருகியதுதான்.

படித்து முடித்ததும் கடையில் நிற்கிறவர்களைப் பார்த்துக் கேட்பார்.

"அந்த ஊர்ல நம்ம ஆளு யாரு கீறாங்க?"

எந்த ஊராக இருந்தாலும் இதே கேள்விதான். நிலநடுக்கம், வெள்ளம், சண்டை, எதுவானாலும். யாராவது ஒரு ஆளைச் சொல்லிவிட்டால் போதும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முகம் கழுவி, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். துக்கம் கேட்கத்தான். நம் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறோம் இல்லையா, அதை அவர் மொத்த உலகத்துக்கும் செய்தார். ஒன்றும் பேச மாட்டார். போவார், உட்காருவார், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்துவிடுவார்.

நேபாளத்தில் பூமி ஆடியபோது அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தார். அவன் தன் வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கிறார்கள் என்று போனைக் காட்டிக் காட்டிச் சொன்னான். இவருக்குப் புரியவில்லை. தன் போக்கில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

நான் அப்போது தாம்பரம் ஸ்டேஷனுக்கும் முடிச்சூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதுதான். மணிப்பூரில் வீடுகளைக் கொளுத்தினார்கள் என்று டிவியில் ஓடிய அன்று, ஸ்டேஷன் பக்கம் ஒரு பியூட்டி பார்லரில் அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என் வண்டியில்தான் போனார். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே காலியாக இருந்தது கஸ்டமர் சேர் மட்டும்தான். அக்கா அதில் உட்கார்ந்தார். அந்தப் பெண்களுக்குத் தமிழ் சரியாக வராது. ஒருத்தி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு இவர் புருவத்தைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. நூல் இழுத்த வலியில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, நூலைக் கீழே போட்டுவிட்டு அவளும் அழுதாள். அப்புறம் இன்னொருத்தியும்.

திரும்பி வரும்போது நான் கிண்டல் செய்தேன். இன்னாக்கா, துக்கம் கேக்கப் போனியா, மேக்கப் போட்டுக்கப் போனியா என்று.

"வண்டிய ஓட்றா. அந்தப் பொண்ணு கை எப்டி நடுங்கிச்சு தெரிமா? அந்தக் கையோட காலீலர்ந்து எத்தினி பேருக்குப் புருவம் எடுத்துதோ."

வளைந்த புருவத்தோடு அவர் மில்லில் நின்றதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் சூடான் நாட்டுப் பையன்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தார்கள். காலேஜ் படிக்க வந்தவர்கள். தெருவில் யாரும் அவர்களோடு பேசுவது கிடையாது. குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விட மாட்டார்கள். அவர்கள் ஊரில் சண்டை தொடங்கிய அன்று அக்கா அந்த வீட்டுப் படி ஏறினார். அவர்கள் பயந்துபோய், வாடகை ஏற்றிச் சொல்லத்தான் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். பிறகு பாகு மாதிரி இனிப்பாக டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் உயரமான ஒருவன் காய்கறிக் கடையில் பேசிப் பேசியே கொஞ்சம் தமிழ் கற்றிருந்தான். அவனும் இவரை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அதற்குப் பிறகு அவன் மில்லுக்கு வந்து போவான். வந்தால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அக்கா அவனை மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்.

ஏன் இப்படி என்று நான் ஒரு தடவை கேட்டேன். பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நின்றபோது. அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் கட்டட வேலைக்குப் போய், வெயில் தாங்காமல் வேலை செய்கிற இடத்திலேயே விழுந்து இறந்தவர். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இவர் அதை வீடியோ காலில்தான் பார்த்தார். மண் போடுவதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

"இத்தாவுல உக்காந்துகினு கதவையே பாத்துகினு இருந்தேன்" என்றார். இத்தா என்றால், புருஷன் இறந்த பிறகு முஸ்லிம் பெண்கள் வெளியே போகாமல் வீட்டிலேயே இருக்கிற காலம். "சொந்தக்காரங்க வந்தாங்க. தெருவுல ஒருத்தரும் வரல. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். பாடி வராத வூட்டுக்கு எப்டி வர்றதுன்னு அவங்களுக்குத் தெரில."

சிக்னல் விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.

இவ்வளவு நல்லவர் என்று எழுதிக்கொண்டே போகிறேன். அவரால் ஒரு வீடு நொறுங்க இருந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் ஒருத்தியின் புருஷன் வெளிநாட்டில் டிரைவர். அந்த ஊரில் வேலைக்காரர்களை ஏற்றிப் போன பஸ் கவிழ்ந்தது என்று டிவியில் ஓடியது. அக்கா வழக்கம்போலக் கிளம்பிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அக்கா முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான், அலறிக்கொண்டு விழுந்தாள். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள். தெரு கூடிவிட்டது. அந்த நேரத்தில் போன் வந்தது. புருஷன்தான். அவன் வேறு எங்கோ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

மாமியார் துடைப்பத்தை எடுத்தாள். வூட்டுக்குள்ள எமனக் கூட்டிக்கினு வந்துட்டியேடி என்று கத்தினாள். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்த மில்லுக்கு யாரும் மிளகாய் கொடுக்கவில்லை. அக்கா டிவியையும் போடவில்லை. மறுபடி போட்டபோது என்னிடம் ஒன்று சொன்னார்.

"இனிமே கண்ணால பாத்தவங்க வாயால கேக்காம யார் வூட்டுப் படியும் ஏற மாட்டேன்."

இது தெரு முழுக்கத் தெரிந்தது. அதிலிருந்து அவர் செருப்புக்கு இருந்த பயம் இன்னும் கூடிவிட்டது. முன்னால் அவர் வந்தால் ஏதோ நடந்திருக்கலாம் என்று அர்த்தம். இப்போது அவர் வந்துவிட்டால் நடந்தேவிட்டது என்று அர்த்தம்.

என் அண்ணன் கேளம்பாக்கம் பக்கம் கப்பல் கோர்ஸ் படித்துவிட்டு ஒரு சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போயிருந்தான். சப்பாத்தி போடத் தெரியாது. அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டான். போன் செய்தால், நீ இன்னும் எட்டாங்கிளாசுதானா, நான் பத்து நாடு பாஸ் என்று என்னை ஓட்டுவான்.

அன்று அம்மா கொடுத்த கோதுமையை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போயிருந்தேன். அக்கா மேலே கொட்டி அரைத்துக்கொண்டிருந்தார். டிவியைப் பார்த்தார். வாய் அசைந்தது. திடீரென்று மோட்டாரை நிறுத்தினார். எங்கள் கோதுமை பாதிதான் அரைபட்டிருந்தது.

"தம்பி, உங்க அண்ணன் கப்பல் பேரு இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டிவியில் ஒரு கப்பல் புகைந்துகொண்டிருந்தது. செங்கடல் என்று போட்டிருந்தது. எங்கேயோ யாருக்கும் யாருக்குமோ சண்டை. அந்தச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத கோதுமை ஏற்றிய கப்பலை அடித்திருக்கிறார்கள். சிலரைக் காப்பாற்றிவிட்டார்கள், சிலரைக் காணவில்லை.

அண்ணன் அனுப்பிய போட்டோ ஒன்று என் போனில் இருந்தது. அவன் பின்னால் கப்பல் பேர் இங்கிலீஷில் பெரிதாக எழுதியிருக்கும். எனக்கும் அக்காவுக்கும் இங்கிலீஷ் தகராறு. போனை டிவிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக உருவம் பார்த்து ஒப்பிட்டோம். அந்தப் படம் மறைந்துவிடும், திரும்பி வர வேண்டும், அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டும். முதல் எழுத்து ஒன்றாக இருந்தது. இரண்டாவதும். மூன்றாவது எழுத்தை நான் பார்க்கவில்லை. அக்காதான் பார்த்தார். பார்த்துவிட்டு மெஷினில் மீதி இருந்த கோதுமையைக் கையால் அள்ளி அள்ளிப் பையில் போட்டார். அதை அவர் அரைக்கவில்லை.

சாயங்காலம் ஏஜென்ட் போன் செய்தான். காணாமல் போனவர்களில் உங்கள் பையனும் இருக்கிறான் என்றான். இறந்துவிட்டான் என்று சொல்லவில்லை. காணவில்லை என்றான். அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

தெரு முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தது. நம் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிறவர்களை வாங்க என்று கூப்பிட மாட்டோம். வந்தவர்களும் போய்ட்டு வரேன் என்று சொல்ல மாட்டார்கள். அம்மா வேண்டுமென்றே வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரையும் சத்தமாக வாங்க, வாங்க என்றாள். காபி சாப்பிடுங்க என்றாள். அழுதுகொண்டு வந்தவர்கள் அழவும் முடியாமல், காபியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். கிளம்பும்போது, போய்ட்டு வாங்க என்று தெருவரை போய் அனுப்பினாள்.

நாட்கள் போயின. தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பெரியப்பா அண்ணன் போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டுக் கொண்டுவந்தார். காரியம் செய்யாமல் விட்டால் ஆத்மா அலையும் என்றார். அம்மா மாலையைக் கழற்றி முருகன் படத்துக்குப் போட்டாள்.

"மில்லுக்காரம்மா வந்தாளா?" என்று பெரியப்பாவைக் கேட்டாள். "இந்தத் தெருவுல எல்லாரும் வந்துட்டீங்க. அவ வரல. அவளுக்குத் தெரியும். அவ வரட்டும், நான் நம்பறேன்."

அது உண்மை. அக்கா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மளிகைக் கடைக்குப் போகக்கூடச் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போனார். அம்மா காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வாசலில் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லை என்றால் பால் காய்ச்சப் போவாள்.

பெரியப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பொம்பளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் உன் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றார். நான் போனேன். மில்லில் கூட்டம் இல்லை.

"பெரியப்பா உன்ன இட்டுகினு வரச் சொன்னாருக்கா. நீ வராத."

"நான் எங்கடா வரப் போறேன். போன எடு. டிக் பாரு."

அண்ணன் போன் ஒரு தடவை ரிப்பேரானபோது, கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர் போனிலிருந்து எனக்கு வாட்ஸாப் செய்திருந்தான். அவர்தான் கப்பலின் தலைமைச் சமையல்காரர். வீடியோவில் பல தடவை எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அந்த நம்பருக்கு, சூடான் பையனை விட்டு இங்கிலீஷில் ஒரு மெசேஜ் போடச் சொல்லியிருந்தார் அக்கா. ஒற்றை டிக்கிலேயே நின்றது. தினமும் நான் மில்லுக்குப் போவேன். அவர் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்ப்பார். ஒற்றை டிக். அது இரண்டாகக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். இரண்டாக வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் ஸ்டேஷன் வாசலில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். இரண்டு டிக். ஏறியவர்களை இறக்கிவிட்டு நேராக மில்லுக்கு ஓட்டினேன்.

அக்கா ஷட்டரை முழுக்க இறக்கினார். உயரமான பையனை வரச் சொன்னார். அவன்தான் கால் போட்டான். பிலிப்பைன்ஸ்காரர் எடுத்தார். முகம் இளைத்திருந்தது, கையில் கட்டு. என்னை அடையாளம் தெரிந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. பிறகு மறுபடி எடுத்தார். பையன் கேட்டான், அவர் சொன்னார், பையன் கேட்டான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பையன் எங்கள் பக்கம் திரும்பித் தனக்குத் தெரிந்த தமிழைத் தேடினான்.

"அக்கா. அவர் பாத்தார்."

"இன்னா பாத்தாரு?"

"கீழ ஒரு ஆள் மாட்டிகிச்சு. இவரோட அண்ணா கூட்டி வர கீழ போனார். அப்புறம் நெருப்பு. ரெண்டு பேரும் மேல வரல."

நான் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். பையன் என் தோளைப் பிடித்திருந்தான். அவன் கை சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அக்கா பையனைப் பார்த்துக் கேட்டார்.

"கீழ இருந்தவன் எந்த ஊராம்?"

பையன் கேட்டுச் சொன்னான். எகிப்து.

"அவன் வூட்டுக்கு யாரு போவாங்க?"

எனக்கு அப்போது அவர் மேல் கோபம் வந்தது. என் அண்ணன் போய்விட்டான், இந்த அம்மா எகிப்துக்காரனைப் பற்றிக் கேட்கிறாள் என்று. இன்றைக்கும் அந்தக் கோபம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த ஆளின் வீட்டை நான் அடிக்கடி நினைக்கிறேன். அதுவும் அந்தக் கேள்வியால்தான்.

மில் இப்போது இல்லை. அதற்கடுத்த வருஷம் அக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் எனக்கு அவர் என்றால் அந்த மத்தியானம்தான்.

"நீ உங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார். "உன் வாயால கேட்டா தாங்க மாட்டாங்க. நான் வரேன்."

முகம் கழுவினார். முந்தானையை இழுத்து விட்டார். ஷட்டரைத் தூக்கிவிட்டு நாங்கள் தெருவில் இறங்கினோம். நல்ல வெயில். ஒவ்வொரு வீடாகச் சன்னல் திறந்தது. அம்மா வழக்கம்போல வாசல் சேரில் உட்கார்ந்திருந்தாள். எங்களை முனையிலேயே பார்த்துவிட்டாள். நாங்கள் எந்த வீட்டுப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று பார்த்தாள். அடுத்த வீட்டைத் தாண்டியதும் எழுந்தாள். சேரை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

அக்கா படிக்கு முன்னால் நின்றார். ஏறவில்லை. தட்டவும் இல்லை. பெரியப்பா எதிர் வீட்டிலிருந்து வந்து, தட்டும்மா, கூப்பிடும்மா என்று கையைக் காட்டினார். அக்கா தலையை ஆட்டினார். அப்படியே நின்றோம். அவர் முகத்தில் ஒட்டியிருந்த தண்ணீர் காய்ந்து, வேர்வை வழிய ஆரம்பித்தது.

ரொம்ப நேரம் கழித்து உள்ளே கதவை ஒட்டி அம்மா குரல் கேட்டது.

"யாரு சொன்னா?"

"கூட வேல செஞ்சவரு, அக்கா" என்றார் மில் அக்கா.

"பாத்தாரா?"

"பாத்தாரு."

எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"அன்னிக்கு சாப்ட்டானா?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. சாப்பிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

"அத கேக்கலக்கா" என்றார். "கேட்டு சொல்றேன்."

தாழ்ப்பாள் விலகியது. அம்மா கதவைத் திறந்து நின்றாள். அத்தனை நாளும் வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்த வாய். அக்காவைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. அவள் வா என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

சொல்லவில்லை. கதவோடு சேர்ந்து ஒதுங்கி வழி விட்டாள்.